பின்சக்கரத்துப் பூட்டு

“சைக்கிளுக்கு வீட்டுக்கு வழி தெரியுமாப்பா?”

மகள் ஸ்வாதி இதைக் கேட்டபோது சின்னப் பிள்ளை. ஜெயமணி லீவில் ஊருக்குப் போயிருந்தான். செந்துறையிலிருந்து திரும்பி வருகையில், முன்பாரில் துண்டைச் சுற்றி உட்கார வைத்திருந்த பிள்ளை பாதித் தூக்கத்தில் கேட்டது. “தெரியும்டா தங்கம், நீ தூங்கு” என்று சொல்லிவிட்டான். பிள்ளையைத் தூங்க வைக்கச் சொல்லும் பொய்யைக் கடவுள் பொறுத்துக்கொள்வார் என்பது அவன் நம்பிக்கை.

இப்போது ஷார்ஜாவில், முவைலா என்கிற பகுதியின் சந்து ஒன்றில், தன்னுடையது அல்லாத சைக்கிளின் மேல் உட்கார்ந்துகொண்டு அந்தக் கேள்வியை அவனே கேட்டுக்கொண்டிருந்தான். இந்தச் சைக்கிளுக்குத் தன் வீட்டுக்கு வழி தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

நடந்தது இதுதான்.

ஜெயமணிக்கு ஒரு நர்சரியில் வேலை. ரவுண்டானாக்களிலும் சாலை நடுவிலும் நடுவதற்குப் பூநாற்று வளர்க்கும் இடம். கோடை முழுக்க அங்கே பெரிதாக வேலை இருக்காது. நிழல்வலைக்குக் கீழே இருப்பதைச் சாகாமல் காப்பாற்றினால் போதும். ஐப்பசி பிறந்து வெயில் தணிந்ததும் விதைத்தட்டுகள் வரிசை வரிசையாக இறங்கும். ஊரே வாய் திறந்து மூச்சு விடுகிற மாதிரி இருக்கும் அந்த நாட்களில் சைக்கிளில் வேலைக்குப் போவது அவனுக்குப் பிடித்த காரியம். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சைக்கிளைக் கழுவித் துடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஹேண்டில்பார் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தான். அன்றிலிருந்து தினமும் காலையில் சைக்கிளை எடுக்கும்போது அந்த ஹேண்டிலைத் தொட்டு, கண்ணை மூடி, “முருகா, பத்திரமா கொண்டு போய்ச் சேத்துரு” என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவான்.

சைக்கிள் நிற்பது சூப்பர் மார்க்கெட் ஓரத்து இரும்புக் கம்பியில். கட்டிடங்களுக்குள் வாட்ச்மேன்கள் விட மாட்டார்கள். சந்துக்குள் நிறுத்தினால் காணாமல் போகும். அதனால் சுற்றுவட்டாரத்து ஆட்கள் எல்லோரும் விளக்கு வெளிச்சம் விழும் அந்தக் கம்பியில்தான் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள். எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்புச் சைக்கிள்கள். எல்லாவற்றிலும் பக்கத்து மலிவுக் கடையில் வாங்கிய ஒரே மாதிரிப் பூட்டு. அந்தக் கடைப் பூட்டுகளில் பாதிக்கு ஒரே சாவி சேரும் என்று ரூமில் கேலி பேசுவார்கள். அது கேலி இல்லை என்பது யாருக்கும் தெரியாது.

அன்று காலை பனிமூட்டம். கை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஜெயமணி வழக்கமான இடத்துக்குப் போனான், ஹேண்டிலைத் தொட்டான், கண்ணை மூடினான், முருகனைக் கூப்பிட்டான், சாவியைப் போட்டான். பூட்டு திறந்தது. ஏறிப் போய்விட்டான். வழி நெடுக ஹேண்டில் கொஞ்சம் இடது பக்கமாகவே இழுத்தது, சீட்டும் இறங்கின மாதிரி இருந்தது. பனி ஈரத்தில் ஏதோ இளகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

நர்சரியில் வெளிச்சம் வந்த பிறகுதான் பார்த்தான். ஹேண்டிலில் குங்குமம் இல்லை. சீட்டில் நீலத்துணி சுற்றியிருந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டவன், கண்ணுக்கு முன்னால் இருந்ததைப் பார்க்காமல் விட்டிருந்தான்.

டியூட்டி முடிந்து ஓட்டமாக வந்தான். அவனுடைய சைக்கிள் கம்பியில் அப்படியே நின்றது. குங்குமம் இருந்தது. ஆனால் பூட்டு இடம் மாறியிருந்தது. ஜெயமணி எப்போதும் முன்சக்கரத்தில்தான் சங்கிலியைக் கோப்பான். இப்போது அது பின்சக்கரத்தில் இருந்தது.

குனிந்து சங்கிலியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு விளங்கியது. யாரோ ஒருவன் காலையில் வந்து தன் சைக்கிள் என்று நினைத்து இதைத் திறந்திருக்கிறான். சாவி சேர்ந்திருக்கிறது. தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகாமல், தான் எப்போதும் பூட்டுகிற மாதிரியே திரும்பப் பூட்டி வைத்துவிட்டு நடந்து போயிருக்கிறான்.

நீலத்துணி சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்தி அதையும் பின்சக்கரத்தில் பூட்டினான். ராத்திரிக்குள் ஆள் வந்துவிடுவான், பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று இருந்தான்.

ரூமில் விஜயபாஸ்கர் சோறு தின்றுகொண்டே சொன்னான்: “மாப்ள, காலைல பனில பெரிய ரோட்டுல ஒருத்தன பிக்கப் வேன் அடிச்சிட்டுதாம். நடந்து கிராஸ் பண்ணிருக்கான்.”

“நடந்தா?”

“ஆமா. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிட்டுப் போயிருக்கு. நம்ம பக்கத்து ஆளுதான்னு பேசிக்கிறாங்க. ஏன், தெரிஞ்சவனா?”

ஜெயமணி எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டான். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

அடுத்த நாளும் நீலத்துணி சைக்கிளை எடுக்க யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சீட்டில் மணல் படிந்தது. ஒரு வாரம் கழிந்ததும் முனிசிபாலிட்டிக்காரர்கள் கேட்பாரற்ற சைக்கிள் என்று அதில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். விட்டால் லாரியில் அள்ளிக்கொண்டு போவார்கள். தினமும் காலையில் தன் சைக்கிளின் ஹேண்டிலைத் தொடும்போது ஜெயமணிக்கு வாயில் முருகன் பெயர் வரவில்லை. அடிபட்டவன் இவன்தானா? உயிரோடு இருக்கிறானா? கம்பெனி பெயர் தெரியாது, ஆள் பெயர் தெரியாது, எந்த ஆஸ்பத்திரியில் போய் என்னவென்று கேட்பது?

“நீ ஒண்ணும் கேக்காத” என்றான் விஜயபாஸ்கர். “கம்முனு கெட. அந்தச் சைக்கிளைத் தொட்டேன்னு வை, திருடன்னு உன்னைப் புடிப்பாங்க. வேணும்னா பண்ணுன? தெரியாம நடந்தது.”

“எனக்குத் தெரியாது சரி. அவன் தெரிஞ்சே என் சைக்கிளை விட்டுட்டுப் போனான்ல?”

“நல்லவனா இருந்து என்னத்தைக் கண்டான்” என்று முணுமுணுத்துவிட்டு விஜயபாஸ்கர் போர்வையை இழுத்துக்கொண்டான்.

மறுநாள் டியூட்டி முடிந்ததும் ஜெயமணி மஞ்சள் நோட்டீஸைக் கிழித்துவிட்டு அந்தச் சைக்கிளில் ஏறினான். ஆளைத் தெரியாவிட்டாலும் சைக்கிளைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். யாராவது “இது இன்னாருடையது ஆச்சே” என்று பிடித்து நிறுத்தினால் போதும். திருடன் என்று சட்டையைப் பிடித்தாலும் சரி.

அப்படித்தான் முவைலாவை அவன் முதன்முதலாகப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் ரூம், சூப்பர் மார்க்கெட், நர்சரி, இவற்றைத் தவிர ஒரு சந்துக்குள் திரும்பியது கிடையாது. இப்போது வழி முடிவு செய்யாமல் ஹேண்டில் இழுத்த இடது பக்கமெல்லாம் திரும்பினான். பள்ளிக்கூடங்களின் நீண்ட மதில்களையும், அவற்றை ஒட்டி மஞ்சள் பஸ்கள் நின்ற இடத்தையும் கடந்தான். ஒரு கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து அரபுகள் உடுத்தும் நீள அங்கியான கந்தூரா தைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் வெறும் மணல்திடலும் அதன் நடுவில் ஊர் வன்னி மரம் போலவே ஒற்றைக் காஃப் மரமும் இருந்தன. மரத்தில் கிளிகள் கத்தின. திடலில் கிரிக்கெட் ஆடியவர்கள் பந்து அவன் பக்கம் வந்தபோது “பாய், பால்!” என்று கூவினார்கள். எடுத்துப் போட்டான். கொண்டலாத்தி ஒன்று கொண்டையை விரித்து மணலைக் கொத்திக்கொண்டிருந்தது. ஊரில் பார்த்த பறவை. குளிருக்குப் பயந்து எங்கிருந்தோ வந்திருக்கும். இத்தனை அழகும் தன் வாசலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. அதைப் பார்க்க இப்படி ஒரு பயத்தைச் சுமந்துகொண்டு வர வேண்டியிருந்தது.

பல நாள் அப்படிச் சுற்றினான். சைக்கிளைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் மாலை, டயர் கடைகள் இருக்கிற தெருக்கோடியில், தந்தூர் அடுப்பு வைத்த ரொட்டிக்கடையைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அரே கௌஸ் பாய்! டாங்க் டீக் ஹோ கயா?”

கௌஸ் பாய், கால் சரியாகிவிட்டதா?

ஜெயமணி பிரேக்கைப் பிடித்தான். ரொட்டி போடும் உஸைர், பெஷாவர்க்காரன், ரொட்டி எடுக்கும் கம்பியைக் கையில் பிடித்தபடி கடைக்கு வெளியே வந்தான். ஆளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. “இது கௌஸ் பாய் சைக்கிள். நீ யார்?” என்று இந்தியில் கேட்டான்.

ஜெயமணி தனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் கொட்டினான். உஸைர் உள்ளே போய், சூடான ரொட்டிகளைப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்து கையில் வைத்தான். “மேலே ரெண்டாவது மாடி. வெறுங்கையோடு நோயாளி வீட்டுக்குப் போகக் கூடாது. யல்லா, போ.”

உயிரோடு இருக்கிறான். படி ஏறும்போது ஜெயமணிக்கு அது ஒன்றுதான் ஓடியது.

அறையில் கட்டிலில் இடது காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஒரு குட்டையான மனிதர். தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது. தரையில் இரண்டு பேர் தமிழில் பேசியபடி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள்.

“பாய், கௌஸ் பாய் நீங்கதானுங்களா?”

“ஆமா. இன்னா விஷயம்? கம்பெனி ஆளா?” தமிழ்தான். ஆம்பூர்ப் பக்கத்துப் பேச்சு.

“இல்லீங்க. உங்க சைக்கிள் கீழ நிக்குது.”

“கெடச்சிடுச்சா! அல்லாவே! எங்கப்பா கெடந்துச்சு?”

“எங்கயும் கெடக்கல. அன்னிக்குப் பனில தெரியாம எடுத்துட்டுப் போனது நான்தான் பாய்.”

வெங்காயம் அரிகிற சத்தம் நின்றது. கீழே இருந்தவர்களில் ஒருவன் எழுந்தான். “இன்னா ஆளுய்யா நீ? இவ்ளோ நாள் கழிச்சு ரொட்டியத் தூக்கினு வர்ற? மனுசன் காலே போச்சு!”

“டேய், குந்துடா. வீடு தேடி வந்தவன்” என்றார் கௌஸ். “காலு எங்கடா போச்சு? இங்கதான் கீது, பாரு, எம்மாம் வெள்ளையா கீது.” மாவுக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

ஜெயமணி உட்காரவில்லை. “என் சைக்கிள் அங்கதான பாய் நின்னுச்சு? உங்க சாவி அதுக்கும் சேந்துச்சு. தொறந்து பாத்துருக்கீங்க. ஏன் எடுத்துட்டுப் போகல? எடுத்திருந்தீங்கன்னா இப்படி ஆகியிருக்காதே.”

“நல்லா எடுத்தேன் போ! உன் சீட்டு எம்மாம் உசரம்? நான் ஏறுனா ஒட்டகத்து மேல குந்துன மாதிரி ரெண்டு காலும் தொங்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயமணியால் சிரிக்க முடியவில்லை. கௌஸ் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தொறந்தப்புறம்தான் தம்பி பார்த்தேன், ஹேண்டில்ல குங்குமம். எங்க தெருமுனைல ஆட்டோ ஸ்டாண்டு உண்டு. ஆயுத பூஜையன்னிக்கு வண்டிக்கெல்லாம் பொட்டு வச்சி எங்க வீட்டுக்கும் பொரி கடல குடுத்து உடுவாங்க. பூஜ போட்ட வண்டின்னா அத வச்சவன் மனசு அதுலயே இருக்கும். அதப் போயி எப்படிப்பா எடுக்கறது? மாத்தி எடுத்தவன் சாயந்தரம் கொண்டாந்து வைப்பான்னு நெனச்சேன். நீயும் வச்சிருக்க, ஆஸ்பத்திரி அலைச்சல்ல போயிப் பாக்கத்தான் ஆளில்லாம போச்சு. நடுவுல அந்த பிக்கப்காரன் வந்துட்டான், அதுக்கு நீ இன்னா பண்ணுவ?”

ஜெயமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். தான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள் என்றான். “நீ எனக்கு ஒரு கடனும் படல தம்பி. ஒரு பைசாவும் வேணாம், ஒரு வேலையும் வேணாம். ரொட்டி ஆறுது, உக்காந்து சாப்புடு” என்று கௌஸ் அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

கிளம்பும்போது வெங்காயம் அரிந்தவர்களில் மற்றவன் படிக்கட்டு வரை கூட வந்தான். அவன் பெயர் தாரகன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. “அண்ணை, அவர் சொல்ல மாட்டார். ஸ்கூல்ல கிளீனிங் வேலை. கட்டு அவிழ்த்தாலும் கணுக்கால் மடங்காது எண்டு டாக்டர் சொல்லிப்போட்டார். வாற மாசம் முதலாந்தேதி டியூட்டிக்கு வராட்டி விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிப்போடுவம் எண்டு கம்பெனி சொல்லுது. கம்பெனி கேம்ப்பில இல்லாததால வேனும் வராது. நொண்டிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க ஏலாது. சைக்கிள் ஓடினால்தான் அவருக்கு வேலை.”

“நான் பின்னால வச்சுக் கூட்டிட்டுப் போறேன்பா.”

“கேட்டுப் பாருங்கோ. ஏசுவார்.”

கேட்டான். ஏசினார். “ஒரு சைக்கிள்ல ரெண்டு பேரு போனா போலீஸ் சைக்கிளையே புடுங்கிக்குவான். உன் டியூட்டி அந்தாண்ட, என் டியூட்டி இந்தாண்ட. போய் உன் செடியப் பாரு.”

கார்த்திகை வந்தது. நர்சரியில் பெட்டூனியா மொட்டு விட்டது. மாவுக்கட்டு அவிழ்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஜெயமணி அந்தத் தெருவுக்குப் போனான். திருப்பத்தில் நின்றுவிட்டான்.

தெருவில் கௌஸ் சைக்கிள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டை அடிவரைக்கும் இறக்கியிருந்தார்கள். வலது கால் மிதித்தது. இடது பெடல் கீழே போகும்போது விறைத்த பாதம் அதோடு இறங்க முடியாமல் வழுக்கி வெளியே வந்தது. இன்னொரு தடவை ஏறினார். அப்போதும் வழுக்கியது. சாயப்போனவரைத் தாரகன் பிடித்தான்.

“பாய், பேசாம தள்ளிக்கொண்டே போங்கோ. சைக்கிளுக்கும் எக்சர்சைஸ்!”

“ஆமாடா, மாட்டுக்குப் பின்னாடி போற மாதிரி நானும் போறேன்!” என்று கௌஸ் சிரித்தார். உஸைரும் கடைக்குள்ளிருந்து சிரித்தான். பிறகு எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். கௌஸ் மட்டும் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து இறக்கி வைத்தார். அதற்கடியில் இருந்த முகத்தை ஜெயமணி பார்த்துவிட்டான். பழத்தை எடுத்துக்கொண்டு மேலே போக அவனுக்கு மனம் வரவில்லை. வந்த வழியே திரும்பினான்.

வழி முழுக்க அந்தப் பாதம் கண்ணுக்குள்ளேயே வழுக்கிக்கொண்டிருந்தது. பெடலுக்கும் பாதத்துக்கும் நடுவில் இருந்தது ரொம்பப் பெரிய இடைவெளி இல்லை. இரண்டு விரல்கடை இருக்கும். அந்த இரண்டு விரல்கடையில்தான் ஒரு மனிதனின் பிழைப்பு வழுக்கிக்கொண்டிருந்தது.

நர்சரியில் உரமூட்டை வந்த மரப்பலகைகள் குவிந்து கிடக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு துண்டை அறுத்தான். தடிமன் போதவில்லை, இன்னொன்றை மேலே வைத்து ஆணி அடித்தான். அது காலுக்கு முரடாக இருக்கும் என்று தோன்றியது. ஓரங்களைக் கல்லில் தேய்த்து, மேலே பழைய டயர் ரப்பரைச் சுற்றினான். பாதம் பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க வெளி ஓரத்தில் ரப்பரைக் கொஞ்சம் மடித்து மேடாக்கினான். அவன் ஆசாரி இல்லை. இரண்டு முறை பிரித்துக் கட்டினான். சூப்பர்வைசர் வந்து, “என்ன செய்யறே, பொம்மையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதலாந்தேதி விடிகாலை. மறுபடியும் பனி. சூப்பர் மார்க்கெட்டின் ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. இரும்புக் கம்பியின் மேல் ஒரு பூனை சுருண்டு கிடந்தது. வழக்கம்போல அங்கேயே பூட்டியிருந்த கௌஸின் நீலத்துணி சீட்டைத் தடவிக் கண்டுபிடித்தான் ஜெயமணி. கௌஸ் எப்படியும் ஒரு தடவை ஏறிப் பார்ப்பார், முடியாவிட்டால்தான் நடப்பார் என்று தெரியும். அன்று போலவே அந்தப் பெரிய ரோட்டை நோக்கி நடப்பார்.

மரக்கட்டையை இடது பெடலில் வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினான். கம்பியின் கூர்முனைகளைக் கட்டைக்குள் மடக்கி அடித்தான். அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. ஆனாலும் ஓட்டிப் பார்க்காமல் எப்படி நம்புவது? தன் சாவியை எடுத்து அந்தப் பூட்டில் போட்டான். திறந்தது.

இடது பாதத்தை மடக்காமல் மரம் மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டு கடை முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினான். பெடல் அடிவரை போயிற்று. பாதமும் அதனுடனே போயிற்று. இன்னொரு சுற்று. வழுக்கவில்லை. ஹேண்டில் வழக்கம்போல இடது பக்கம் இழுத்தது, ரொட்டிக்கடைத் தெரு இருக்கிற பக்கம். அவன் அதை மெதுவாகத் திருப்பிக் கம்பிக்குக் கொண்டு வந்தான்.

சீட்டில் படிந்த பனியைத் துண்டால் துடைத்தான். ஹேண்டிலைத் தொட்டான். பல நாளுக்குப் பிறகு அந்தப் பெயர் வாயில் வந்தது. கண்ணைத் திறந்துகொண்டே சொன்னான்.

பிறகு சங்கிலியை எடுத்து, முன்சக்கரத்தில் கோக்கப் போன கையை நிறுத்தி, பின்சக்கரத்தில் கோத்துப் பூட்டினான். தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சந்திலிருந்து யாரும் வருவதற்கு முன்னால் பனிக்குள் போய்விட்டான்.